நாற்பது நிமிடக் கோஷம்

குற்றப்பத்திரிகையின் இரண்டாம் பக்கம் அவளை இப்படி விவரிக்கிறது: "முதலாம் எதிரி, பெண், வயது நாற்பத்தாறு. சட்டவிரோதமாகக் கூடிய கும்பலின் தலைவி. வன்முறையில் நாட்டமுடையவர். காயம்பட்டவருக்கு மிக அருகில் நின்றுகொண்டு, வலது கையை உயர்த்தி, கம்புகள் ஏந்திய கும்பலை நாற்பது நிமிடம் இடைவிடாமல் குரல்கொடுத்து வெறியேற்றியவர்."

இதில் கும்பல், கம்பு, உயர்த்திய கை, நாற்பது நிமிடம் எல்லாவற்றுக்கும் வீடியோ சாட்சி இருக்கிறது. வயது மட்டும் தவறு. நாற்பத்தெட்டு.

வன்முறையில் நாட்டமுடைய இந்தப் பெண், ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவை ஆலையில் பதினேழு வருடமாக வேலை செய்கிறாள். ரத்தக் கறை பட்ட துணியைப் பச்சைத் தண்ணீரில்தான் முதலில் போட வேண்டும், வெந்நீரில் போட்டால் கறை குடியேறிவிடும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். ஆலையில் எட்டு மிஷின்கள். எட்டும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் தும்முவதைக் கண்ணால்தான் பார்க்க முடியும், காதால் கேட்க முடியாது. எந்த மிஷினில் எந்தத் துணி முடிந்தது என்பதை மரப்பலகை மேல் ஏறி நின்று அவள் கூவுவாள். "மூணாம் மிஷின்!" என்பாள். "போர்வை!" என்று பதில் வரும். நீராவியில் முகம் தெரியாது என்பதால், கேட்டவர்கள் எல்லாம் வலது கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். எல்லாக் கைகளும் மேலே வந்த பிறகுதான் அடுத்த மிஷின். அவளுக்கு அங்கே மைக்கக்கா என்று பெயர். வாழ்நாளில் மைக்கைத் தொட்டதில்லை என்பதால் வந்த பெயர்.

தேர்தல் அறிவித்ததும் பூட்டுச் சின்னத்தின் வட்டச் செயலாளர் ஓட்டுக் கேட்க ஆலைக்குள் வந்தார். கால் மணி நேரம் வாயசைத்துப் பார்த்தார். ஒரு சொல் யார் காதிலும் விழவில்லை. அவள் பலகை மேலிருந்து, "செயலாளர் ஓட்டு கேக்க வந்திருக்காரு!" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அறுபது கைகள் மேலே வந்தன. அன்றைக்கே அவளைக் கட்சியில் கோஷம் போடுகிறவளாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

கட்சியின் கொள்கை பற்றி அவளுக்குத் தெரிந்தது பூட்டு என்பது வரைதான். செயலாளருக்கும் அவ்வளவுதான் தெரியும்; ஆனால் அவர் அதை முக்கால் மணி நேரம் பேசுவார்.

ஆலை முற்றத்தில் அவள் ஆட்களைப் பழக்கினாள். முதல் பாதியை அவள் கூவ வேண்டும். மறு பாதியைக் கூட்டம் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லும்போது வலது கை மேலே போக வேண்டும். கை போகாதவர்கள் கடைசி வரிசைக்குப் போனார்கள். இடக்கைக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களையும் வலது கைக்கு மாற்றினாள். மூன்றாவது வாரத்தில் நூற்றிருபது பேர் ஒரே ஆளைப் போலக் கை தூக்கினார்கள்.

எதிர்ப்பக்கம் வாளிச் சின்னம். அந்தப் பக்கம் கோஷம் போட்டவர் அவளுடைய அக்கா புருஷன். பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படும் நேரத்தை ஒலிபெருக்கியில் அறிவிக்கிற வேலை. ஊரில் அவருக்கு டைம்டேபிள் என்று பெயர். இருவருக்கும் பகை ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்டுக்கொண்டே ஒருவர் கோஷத்தை மற்றவர் சரிபார்ப்பார். அவருடைய "துருப்பிடித்த பூட்டு, தூக்கிக் குப்பையில் போட்டு, வாளிக்கே ஓட்டு" என்ற கோஷத்தில் நடுவே தொங்கிக்கொண்டிருந்த ஒரு சொல்லை வெட்டிக் கொடுத்தவள் அவள்தான். அது அவள் கட்சியைப் பார்த்து ஊரையே சிரிக்க வைத்தது. அவளுக்கு அதில் பெருமைகூட.

முதல் வாரம் இரு தரப்பும் சாக்கடை, தெருவிளக்கு பற்றித்தான் கூவின. இரண்டாம் வாரம் வேட்பாளர்களின் குடும்பத்துக்கு வந்தன. நான்காம் வாரம் வாளிக்காரர்களின் வேன் கொளுத்தப்பட்டது. மறுநாள் பூட்டுக்குச் சுவரெழுத்து எழுதியவனின் விரல்களை யாரோ செங்கல்லால் நசுக்கினார்கள். கோஷம் சும்மா இருக்குமா? தெருவிளக்கில் தொடங்கிய வாதம் ஆறாவது வாரம் உடல் உறுப்புகளுக்கு வந்து சேர்ந்தது.

அந்த ஞாயிறு அவள் புதிய கோஷம் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"சொல்லை மாத்தும் வாளிக் கூட்டத்தின் நாக்கை அறுப்போம். எப்படி அத்தான்?"

அவர் மேசையில் விரலால் தட்டிப் பார்த்தார். "இடிக்குதும்மா. சொல்லைன்னு ஆரம்பிச்சு நாக்குல போய் முடிச்சா ஜனங்க எதைப் பிடிச்சுக்குவாங்க? பல்லைன்னு போடு. பல்லைப் பிடுங்குவோம்."

"அறுக்கறதுல இன்னும் காரம் இருக்கே."

"காரம் இருந்தா போதுமா, வாயில உக்கார வேணாமா? சொல்லை, பல்லை. சொல்லிப் பாரு, கை தானா மேல போகும்."

அவள் சொல்லிப் பார்த்தாள். போயிற்று.

அடுப்பங்கரையிலிருந்து அக்கா கேட்டாள்: "ரெண்டு பேரும் யார் பல்லைப் பத்திப் பேசிட்டிருக்கீங்க?"

"கட்சிப் பல்லுடி. அதுக்குச் சொந்தக்காரன்னு யாரும் கிடையாது" என்றார் அத்தான்.

இரண்டு பேருக்கும் காது நன்றாக வேலை செய்தது. மற்றது எதுவும் வேலை செய்யவில்லை.

பிரசாரத்தின் கடைசி நாள், ஐந்து மணியோடு எல்லாரும் வாயை மூட வேண்டும். கடைத்தெரு வழியாக ஊர்வலம் போக இரண்டு கட்சிக்கும் ஒரு மணி நேர இடைவெளியில் அனுமதி. வாளி வேட்பாளர் மதியச் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டதால் அந்த ஒரு மணி நேரம் காணாமல் போயிற்று. மூன்றரை மணிக்கு டைல்ஸ் கடை முன்னால் இரண்டு ஊர்வலமும் முகத்தோடு முகம் முட்டி நின்றன. இவள் வேன் கூரை மேல். அவர் எதிரே தள்ளுவண்டி மேல், கையில் ஒலிபெருக்கியோடு.

"துருப்பிடித்த பூட்டு!" என்றார் அவர். அவர் கூட்டம் குப்பையில் போட்டது. இவள் சொல்லைத் தொடங்கினாள். இவள் கூட்டம் பல்லைப் பிடுங்கியது. பத்து நிமிடம் அப்படியே போயிற்று. கேட்க நன்றாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு ஒரு கல் வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்பதற்கு நீதிமன்றத்தில் ஒன்பது சாட்சிகளும் இரண்டு பதில்களும் இருக்கின்றன. டைல்ஸ் கடையின் கண்ணாடி சரிந்து விழுந்தது. துண்டு ஒன்று ஒரு வாளிக்காரனின் காதைப் பாதியாகக் கிழித்தது. இரு பக்கத்தாரும் கொடியை உருவிப் போட்டுவிட்டுக் கம்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒருவன் கீழே விழுந்தவனின் முழங்காலைக் கம்பால் குத்தினான். இன்னொருவன் தன் கட்சிக்காரனையே அடையாளம் தெரியாமல் மூக்கில் அடித்து, அடையாளம் தெரிந்த பிறகு, ஆரம்பித்ததை முடித்தான். வாளிக் கூட்டம் எண்ணிக்கையில் குறைவு. ஓடிவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவனும் ஓடினான். வண்டி கவிழ்ந்தது. டைம்டேபிளுக்கு வலது முட்டியில் பழைய வலி. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்துக் கடையின் இரும்பு ஷட்டரோடு அவரைச் சேர்த்து வைத்துப் பூட்டுக்காரர்கள் அடித்தார்கள்.

"பல்லை! பல்லை!" என்று யாரோ ஒருவன் கத்தினான். ஆலையில் ட்ராலி தள்ளுபவன் கம்பின் அடிப்பக்கத்தால் அவர் வாயில் குத்தினான். இரண்டாம் குத்தில் பற்கள் வந்தன. ஷட்டரில் ரத்தம் தெறித்தது. மூன்றாவது அடி தலையில்.

அவள் கூரை மேலிருந்து கத்தினாள். "நிறுத்துங்கடா! அவரு எங்க அத்தான்டா!" ஒருவன்கூடத் திரும்பவில்லை. ஆறு வாரமாக அவள் குரலில் அவர்கள் கேட்டுப் பழகியது கோஷம் ஒன்றைத்தான். பேச்சு அதில் சேர்த்தி இல்லை. கீழே அவர் தலை ஷட்டரில் சரிந்துகொண்டிருந்தது. இன்னும் நாலு அடி விழுந்தால் அக்காவுக்குப் புருஷன் இல்லை.

அவள் மூச்சை இழுத்துக் கூவினாள்: "பூட்டு என்றால்!"

"பாதுகாப்பு!"

நூறு கைகள் மேலே போயின. கம்புகளும் கைகளோடு மேலே போயின. ட்ராலிக்காரனின் கம்பு, நான்காவது அடிக்குக் கிளம்பியது, வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அவன் முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. கைக்கு மட்டும் வேறு வேலை வந்துவிட்டது.

கை கீழே வருவதற்குள் அடுத்ததைக் கூவினாள். அது வருவதற்குள் அடுத்தது. வேனிலிருந்து இறங்கினாள், கூவிக்கொண்டே கூட்டத்துக்குள் நடந்தாள், தூக்கிய கைகளுக்குக் கீழே குனிந்து, அத்தானுக்கு முன்னால் போய் நின்று, தன் கையையும் தூக்கிக்கொண்டாள். தான் தூக்காவிட்டால் அவர்களும் தூக்க மாட்டார்கள் என்று தெரியும்.

முதல் பத்து நிமிடத்தில் தெரிந்த கோஷமெல்லாம் தீர்ந்தது, ஒன்றைத் தவிர. அந்தப் பல் கோஷத்தை அவள் தொடவில்லை. திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். இடையில் ஒரு தடவை தொண்டை அடைத்து இருமினாள். இரண்டு நொடி இருக்கும். கம்பு இறங்கி அத்தானின் தோள் எலும்பு முறிந்தது. சத்தம் அவளுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு இருமவில்லை. இருமல் வந்தால் இருமலோடு கூவினாள்.

இருபதாவது நிமிடம், களைப்பில், "துருப்பிடித்த பூட்டு" என்று எதிரியின் கோஷத்தைத் தொடங்கிவிட்டாள். ஏழெட்டுப் பேர் அதற்கும் கை தூக்கி, "வாளிக்கே ஓட்டு!" என்றார்கள். ஒருவன் பக்கத்திலிருந்தவனை முறைத்தான். "என்னடா, அந்தக் கட்சிக்குச் சொல்ற?"

"அக்காதானே ஆரம்பிச்சா? எனக்கென்ன தெரியும்."

அந்தச் சண்டை முற்றுவதற்குள் அவள் ஆலைக்குத் தாவினாள். "மூணாம் மிஷின்!"

"போர்வை!"

"அஞ்சாம் மிஷின்!"

"தலகாணி உறை!"

ஆலைக்காரர்கள் முதலில் சொன்னார்கள்; மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஓட்டுக்குப் பதிலாகத் தலையணை உறையைக் கேட்கும் நூறு பேர், ரத்தம் ஒட்டிய கம்புகளோடு, கடைத்தெருவில் நின்றார்கள். சிலருக்குக் கை வலித்தது. இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டார்கள். எட்டு மிஷினையும் பதினோரு தடவை ஓட்டினாள்.

காவல் நிலையம் அங்கிருந்து நான்கு நிமிட நடை. நாலரைக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். எழுத்தில் உத்தரவு வரக் காத்திருந்ததாகப் பிறகு எழுத்தில் தெரிவித்தார்கள். வந்தவர்கள் கண்டது: அடிபட்டுக் கிடக்கும் ஆள், அவர் தலைமாட்டில் கை தூக்கிக் கூவும் பெண், அவள் சொல்லுக்குக் கம்பு தூக்கும் கூட்டம். அவர்களுக்குத் தோன்றியதில் பிழை சொல்ல முடியாது. முதல் லத்தி அவள் முதுகில்தான் விழுந்தது. அப்போதும், "ஏழாம் மிஷின்" என்றாள்.

அவள் கட்சி அவளுக்குப் பாராட்டுக் கேடயம் கொடுத்தது: "எதிரியை நேருக்கு நேர் சந்தித்த வீராங்கனை." காவல்துறையும் கட்சியும் அவளைப் பற்றி ஒரே கருத்தில் இருந்தன, கேடயம் மட்டும்தான் வித்தியாசம்.

அக்கா ஆஸ்பத்திரி வாசலில் அவளைப் பார்த்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தப் பல்லு யாருதுன்னு இப்பத் தெரிஞ்சுதா?" அவளுக்குக் குரல் இல்லை, மூன்று வாரத்துக்கு வரவில்லை. அத்தானின் சட்டையை வாங்கிக்கொண்டு போய்ப் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்தாள்.

வழக்கில் அத்தான்தான் முக்கியச் சாட்சி. நான்கு பற்கள் போனதால் அவரைப் பார்சல் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள்.

"முதலாம் எதிரி என்ன செய்தார்?" என்று அரசு வழக்கறிஞர் கேட்டார்.

"கத்தினா. நான் சாகல."

இரண்டாவது வாக்கியம் சாட்சியின் சொந்த அபிப்பிராயம், அதைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும் என்றார் வழக்கறிஞர். நீக்கினார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது.

அந்தப் பெண் ஆறு வாரம் கூவினாள், கடைசி வாரம் மற்றவர்களின் பல்லைப் பிடுங்கச் சொல்லி. கடைசி நாள் மூன்று ஐம்பதிலிருந்து நாலரை வரை அக்கா புருஷனுக்கு முன்னால் நின்று, நூறு பேரின் வலது கையைக் கீழே இறங்க விடாமல் பிடித்து வைத்திருந்தாள்.