பூட்டை உடைத்தது எங்கள் அக்காதான்

சபைச் செயலாளர் அவர்களே, போலீசில் நீங்கள் கொடுத்த வாக்குமூலம் பொய். அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலரில் இதையா எழுதுவது என்று உறவினர்கள் கேட்பார்கள். வேறு எங்கே எழுத?

அக்கா தளவாய்புரத்தில் பிறந்தார். இராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டார். மச்சான் சீக்கிரமே தவறிவிட, பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்து இரண்டு பெண்பிள்ளைகளை ஆளாக்கினார். பயந்த சுபாவம். போலீஸ் ஜீப்பைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

நில வழக்கு முடியும்வரை யாரும் நுழையக்கூடாது என்று சொல்லி, எங்கள் கல்லறைத் தோட்டத்துப் பாதையை அதிகாரிகள் இரும்புக் கதவு போட்டுப் பூட்டினார்கள். மனு கொடுத்தோம். மறுபடியும் கொடுத்தோம். பதில் இல்லை. அப்போதுதான் அக்காவோடு வேலை பார்த்த ஒரு பெண் இறந்தார். அவருடைய கணவரை அங்கேதான் அடக்கம் செய்து, பக்கத்தில் அவருக்கும் இடம் விட்டிருந்தார்கள்.

எங்கள் சபைக் கோயில் வளாகத்தில் கூடினோம். துக்கத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த நானும் இருந்தேன். ஓட்டு இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது, ஜனநாயக நாட்டில் சட்டத்தை மீறலாமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

"பதில் வருத மட்டும் பொணம் காத்துக் கெடக்குமா?" என்று கேட்டார் அக்கா.

கடைசியில் முடிவானது இது: பூட்டை உடைப்பது, ஒளியாமல் எல்லாருமே ஸ்டேஷனுக்குப் போய் அதைச் சொல்வது. செயலாளர் ஜெபித்தார். எல்லாரும் ஆமென் சொன்னோம். ஜெபித்து முடித்த காரியத்தை எங்கள் சபையில் எழுதி வைப்பதில்லை. அங்கேதான் ஏமாந்தோம்.

அடக்கம் முடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போனது அக்கா, அவரோடு வேலை பார்த்த மூன்று பெண்கள், நான். அவ்வளவுதான். வழியில் அக்கா வாந்தி எடுத்தார். "பயத்துல வருதுலே, கையப் பிடிச்சுக்க" என்றார். உடைந்த பூட்டை மேசைமேல் வைத்தார்.

"நீயா வந்து மாட்டுதியே, கிறுக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சட்டமே வேண்டாம்னு வரல சார். இந்தப் பூட்டு வேண்டாம்னுதான் வந்தோம். தண்டனை உண்டுன்னா குடுங்க."

சபை எந்த முடிவும் எடுக்கவில்லை, இந்த ஐந்து பேரும் கலகம் செய்யத் திட்டமிட்டார்கள் என்று செயலாளர் பிறகு எழுதிக் கொடுத்தார். வழக்கு பெரிதாகிவிட்டது.

இருதய நோயோடு அக்கா கடைசியில் என் வீட்டில்தான் இருந்தார். வாசலில் பைக் நின்றால் "யாரு, போலீசா?" என்பார். ஆனாலும் செய்திருக்கக் கூடாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "அவிய உண்மையச் சொல்லிட்டாகளா?" என்று மட்டும் கேட்பார்.

அக்கா தப்பித்துவிட்டார். நாங்கள் நாலு பேர் மிச்சம். ஒருவர் மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது. ஜெயில் என்றால் அது நின்றுபோகும். இதை அச்சுக்குக் கொடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடி ஓடி வந்த ஆட்டோக்காரருக்கும், எங்களுக்காக வாதாடும் வக்கீல் அம்மாவுக்கும், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பின்வாசல் வழியாகச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

செயலாளர் அவர்களே, இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நினைவு ஆராதனையில் உட்கார்ந்திருப்பீர்கள். அன்றைக்கு ஜெபித்தது நீங்களா, இல்லையா? சபையார் எல்லாரும் இங்கே இருக்கிறார்கள். எழுந்து நின்று சொல்லுங்கள்.