அபூர்வக் கட்டிக்காரர்

“உங்களுக்கு என்ன கேஸ்?” ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரும் முன்பே கண்டக்டர் பக்கத்து ஆளைக் கேட்டுவிடுவார். சர்க்கரை என்றால், “அது ஸ்டாண்டிங்தான்.” இதய நோய்க்குப் பின் சீட்டு. முன் சீட்டில் அவர் ஒருவரே. “லட்சத்துல ஒருத்தருக்குக்கூட வராதுங்க இது.”

நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ், சிறுவயதில் உழைத்துவிட்டுப் பிறகு சும்மா கிடக்கும் சுரப்பி. “எங்க டிப்போ மேனேஜர் மாதிரி” என்பது அவருடைய விளக்கம். அதில் முளைத்த கட்டி வேண்டாத ஹார்மோனைச் சுரக்கவைத்து அவர் முகத்தை ஊத வைத்தது. தெருவே களை வந்துவிட்டது என்று மெச்சியது. மனைவி அதைத் தன் கைப்பக்குவத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். அவரும் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தார். படியேற மூச்சு வாங்கி, எக்ஸ்ரே எடுத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

மார்பைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். முகம் வடிந்தது, பெருமை வடியவில்லை. இந்த ரகம் பல வருஷம் கழித்தும் திரும்பி வரும், ஆயுசுக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எச்சரித்ததைப் பதவி உயர்வு கிடைத்தவர் போல ஊரெல்லாம் சொன்னார். மருத்துவ மாணவர்கள் சூழ்ந்தால், கேட்காமலே சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டுவார். பாவம், உள்ளே உதறல்தான். ஸ்கேனுக்கு முந்தின நாள் சாப்பாடு இறங்காது. கூடவே வரும் மகளுக்கு மட்டும் அது தெரியும்.

போன வாரம் ஸ்கேன் சுத்தமாக இருந்தது. கண்டக்டர் மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் ரத்தத்தில் கால்சியம் கூடியிருப்பதாக டாக்டர் சொன்னார். கழுத்திலுள்ள சுரப்பியும் கெட்டிருக்கலாம்.

“ரெண்டும் சேர்ந்து வந்தா, பரம்பரையா இருக்க வாய்ப்பிருக்கு. பிள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதி வரலாம். எத்தனை பேர் உங்களுக்கு?”

“நான் ஒருத்திதான்” என்றாள் மகள்.

கண்டக்டர் முதல் தடவையாகக் கெஞ்சினார். “இது எனக்கு மட்டும் வந்ததுங்க டாக்டர். எங்க வீட்டுல வேற யாருக்கும் வராது.”

முதலில் உங்கள் ரத்தத்தில் மரபணுவைப் பார்ப்போம், அதில் தெரிந்தால் அவளுக்கும் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். என்னிடமும் இப்போதே ரத்தம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மகள் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டாள்.

கண்டக்டர் எட்டி, அதை மெல்ல மணிக்கட்டுவரை இறக்கிவிட்டார்.