பல் போன வழி

பல் டாக்டருக்கு முதல் எதிரி தொண்டை. நாற்காலியில் வாயைப் பிளந்து உட்கார்ந்த கஷ்டம் உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் நின்றவன் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள். அறுபதுகளின் கடைசியிலிருந்து திருவள்ளூர் ரயிலடிப் பக்கம் கிளினிக் வைத்திருந்தேன்.

தங்கத் தொப்பி

கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்யும் ஐயங்கார் ஒருவர், கடைவாய்ப் பல்லை மூடத் தங்கத் தொப்பி போட்டுக்கொள்ள வந்தார். பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்தேன். "எச்சில் முழுங்காதீங்கோ" என்றேன். சரியென்று தலையை ஆட்டிவிட்டு, உடனே முழுங்கினார். தொப்பியும் போயிற்று.

எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் பத்திரமாகத் தெரிந்தது. வாழைப்பழம் சாப்பிட்டுக் காத்திருக்கச் சொன்னேன். சில நாளில் வெளியே வந்ததை அவர் மனைவி கழுவி, கொதிக்க வைத்து, மறுபடி கழுவி, டப்பியில் போட்டுக் கொடுத்தனுப்பினார். நானும் என் பங்குக்குக் கொதிக்க வைத்துக் கையில் எடுத்தேன். ஐயங்கார் வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில் கைக்குட்டையால் பொத்தியபடி சொன்னார்: "தங்கத்துக்குத் தீட்டு இல்லேன்னு ஆத்துல சொல்றா. அது வந்த வழி என் நாக்குக்குத் தெரியுமோன்னோ?"

நெஞ்சில் ஒரு பல்

கும்மிடிப்பூண்டிப் பட்டறை ஒன்றில் வெல்டராக இருந்தவர், மாமியார் வீட்டுக்கு வந்த இடத்தில் பல் வலி என்று வந்தார். பல் கழன்று குறட்டில் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து என் கையை எட்டிப் பிடித்தார். பல் நழுவித் தொண்டைக்குள் விழுந்தது. முகம் கறுத்து, கண் பிதுங்க இருமினார். குனிய வைத்து முதுகில் தட்டினேன். இருமல் நின்றது, பல் வரவில்லை.

"முழுங்கிட்டேன், உடு டாக்டரு. ஷிப்டுக்குப் போவணும்" என்று எழுந்தார். மார்பில் குழாய் வைத்துக் கேட்டேன்; வலது பக்கம் மூச்சு சரியாக இறங்கவில்லை. பல் நுரையீரலுக்குப் போயிருக்கிறது, விட்டால் உயிருக்கே ஆபத்து என்று கத்தினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ரயிலடிக்கு நடந்துவிட்டார். கிளினிக்கைக்கூடப் பூட்டாமல் பின்னாலேயே ஓடி, ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் கெஞ்சினேன். "அதான் புடுங்கிட்டியே, இன்னா பேஜாரு இது!" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் மறுபடி இருமல், இருமலில் ரத்தம். அதற்குப் பிறகுதான் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

சென்னைப் பெரியாஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பல்லை எடுக்கும் வரை வராந்தாவிலேயே நின்றேன். மயக்கம் தெளிந்ததும் என்னைப் பார்த்து அவர் சொன்னது: "புடுங்கச் சொன்னா, நெஞ்சாண்ட நட்டு உட்டியே டாக்டரு!"

பதில் சலாம்

அதன் பிறகு வாய்க்குள் போகும் சின்னச் சாமான் எல்லாவற்றுக்கும் நூல் கட்டினேன். பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி பாய் ஒருவருக்குப் பல்லின் வேரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். வேரைச் சுரண்டும் குட்டி ஊசி, நூலோடு வாயில் இருக்கும்போது, உள்ளே நுழைந்த அவருடைய சிநேகிதர் சலாம் சொன்னார். பாயும் வாய் நிறையப் பதில் சலாம் சொன்னார். ஊசி தொண்டைக்கு ஓடியது. நூலைச் சுண்டி இழுத்தேன், நல்லவேளை, வந்துவிட்டது.

"பேசாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கூச்சல் போட்டேன். பாய் வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "சலாத்துக்குப் பதில் சொல்லாம இருக்க முடியுமா டாக்டர்? நீங்க கயித்தைக் கெட்டியா புடிச்சுக்குங்க, நான் பேசிக்கினு இருக்கேன்."

வாயைத் திற என்றால் மூடுவதற்கும், முழுங்காதே என்றால் முழுங்குவதற்கும், பேசாதே என்றால் பேசுவதற்குமே பிறந்த மனித குலத்துக்குத்தான் நான் இத்தனை வருஷம் பல் பார்த்திருக்கிறேன்.