இரண்டு கிண்ணம் வேகவைத்த பழம்

லிஃப்ட்காரருக்குப் புரியாத இயந்திரம் என்று ஒன்று இருந்ததில்லை. எட்டு மாடிக் கட்டடத்தின் அடியில் நின்று காதைக் கொடுத்தால் போதும், மேலே எந்தக் கப்பியில் எண்ணெய் வற்றியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்துவார்கள். “கத்துங்க, கத்துங்க. மூச்சு இருக்குன்னு தெரியுதுல்ல” என்று வெளியிலிருந்து ஆறுதல் சொல்லிவிட்டு, தரையில் ஒரு பழைய துணியை விரித்து, திருப்புளி, இடுக்கி, ஸ்பானர் எல்லாவற்றையும் கையில் எடுக்கப்போகிற வரிசையிலேயே அடுக்குவார். அடுக்கி முடியாமல் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டார். அவசரம் என்கிற சொல்லுக்கு அவரிடம் மரியாதை கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையல் மேடைமேல் அப்படி ஒரு துணியை விரித்துக் கத்தி, கரண்டி, வாணலி, மூடி, சர்க்கரை டப்பா, வெண்ணெய், எலுமிச்சம்பழம், ஒரு துண்டு பட்டை, கழுவித் துடைத்த ஆப்பிள்கள் என்று அடுக்கி முடித்தார். முடித்துவிட்டுத் திருதிருவென்று விழித்தார். கருவியெல்லாம் தயார். எங்கே ஆரம்பிப்பது என்பதுதான் தெரியவில்லை.

அதே சமையலறையின் ஈரத் தரையில்தான் அவர் மனைவி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றே மகள் போன் செய்தாள்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் வண்டியோட வர்றேன். அம்மா என்கூட இருக்கட்டும்.”

“இங்க நான் இல்லையா? நான் பாத்துக்க மாட்டேனா?”

“நீங்களா? டம்ளர் எங்க இருக்குன்னு தெரியுமாப்பா உங்களுக்கு?”

“ஏன் தெரியாது?” என்று அதட்டிவிட்டு வைத்தார். பிறகு போய்த் தேடினார். உண்மையிலேயே தெரியவில்லை. மூன்று அலமாரிகளைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். மனைவி இடது கையால் வாங்கி அண்ணாந்து குடித்து, புடவையெல்லாம் நனைத்துக்கொண்டார்.

இந்த முறை போனால் திரும்பி வரமாட்டாள் என்று அவருக்கு ஏனோ தோன்றிவிட்டது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. சண்டையும் இல்லை. லிஃப்டைத் தூக்கும் வடத்தில் ஒரு கம்பி நைந்திருந்தால் பார்க்காமலே உள்ளங்கை சொல்லுமே, அப்படி. மகள் வருவதற்குள் தன்னால் ஒரு பொருளைச் சமைத்து வைக்க முடியும் என்று காட்டிவிட்டால் மனைவி இங்கேயே இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார். என்ன சமைப்பது என்பதில் மட்டும் அவருக்குக் குழப்பமே இல்லை.

வேகவைத்த பழம்.

மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அந்த வாசனை அவருக்குத் தெரியும். வேலை முடிந்து கதவைத் திறந்தால் வெண்ணெயும் சர்க்கரையும் பட்டையும் சேர்ந்து உருகிய மணம் வாசலுக்கே வந்து அழைக்கும். உள்ளே வந்தால் வாணலி கழுவியிருக்கும். பாத்திரக்கூடையில் இரண்டு சின்னக் கிண்ணங்கள் கவிழ்ந்திருக்கும். இரண்டே இரண்டு. அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. அவருக்கும் மகனுக்கும் தட்டில் நறுக்கிய ஆப்பிள் வரும், பளபளவென்று. பச்சைப் பழம் நமக்கு, பாகு போட்ட பழம் இவர்களுக்கா என்று அவருக்கு உள்ளே புகையும். ஆனால் கேட்கமாட்டார். வீட்டுத் தலைவன் ஒரு கிண்ணம் இனிப்புக்குக் கையேந்துவதா? கேட்காமலே இத்தனை காலம் ஓடிவிட்டது. மகன் வேலை கிடைத்து வேறு நாட்டுக்கே போய்விட்டான்.

முந்தின நாள் பழக்கடையிலேயே குழப்பம் ஆரம்பமானது. மேல் கூடையில் கையை விட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தவரிடம் கடைக்காரம்மா கேட்டார்: “நறுக்கிச் சாப்பிடவா, ஜூஸ் போடவாண்ணே?”

“வேகவைக்க.”

“வேகவைக்க எதுக்கு இந்தப் பழம்? கீழ கூடையில கிடக்கு பாருங்க. அதை எடுங்க.”

கீழ்க் கூடையில் அடிபட்டு, கன்றிப்போய், அழுகலுக்கு ஒரு நாள் பாக்கி வைத்திருந்த பழங்கள் கிடந்தன.

“எனக்குப் பழம் வேணும்மா. உங்க குப்பையை என் தலையில கட்டாதீங்க.”

“மகராசனா எடுத்துக்கோங்க. எனக்கு என்ன வந்துச்சு?” என்றார் அந்த அம்மா. அவர் சிரித்தது இவருக்குப் பிடிக்கவில்லை.

இப்போது கூடத்து நாற்காலியில் கையைக் கழுத்துத் தூளியில் போட்டுக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தார். சமையலறையிலிருந்து லிஃப்ட்காரர் குரல் கொடுத்தார்.

“ஏம்மா, எத்தனை பழத்துக்கு எவ்வளவு சர்க்கரை?”

“பழத்தைப் பாத்துப் போடணும்.”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அது ஒண்ணும் சொல்லலையே!”

“இனிப்பா இருந்தா கம்மியா. புளிப்பா இருந்தா கூட.”

“அது சரி, அடுப்பு எவ்வளவு நேரம் எரியணும்?”

“வாசனை வர்ற வரைக்கும்.”

“எந்த வாசனை?”

“வர்றப்ப தெரியும்.”

லிஃப்ட்காரர் கரண்டியை வைத்துவிட்டுக் கூடத்துக்கே வந்தார். “இப்படி வேலை சொல்லிக் குடுத்தா எங்க கம்பெனியில ஒரு லிஃப்டும் தரையை விட்டு நகராது.”

“உங்க லிஃப்டுக்கு என்ன, ஏறும் இறங்கும்” என்றார் மனைவி. “பழம் அப்படியா?”

நறுக்க ஆரம்பித்தார். நான்காவது பழம் முடிவதற்குள் முதல் பழத்தின் துண்டுகள் பழுப்பாகியிருந்தன. “இரும்புக்குத்தானே துரு பிடிக்கும்?” என்று கத்தினார். எலுமிச்சம்பழம் எதற்கு வாங்கினீர்கள் என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. மனைவி சொன்ன பட்டியலில் இருந்ததால் வாங்கினார், எதற்கென்று அவருக்கு எப்படித் தெரியும்? பிழிந்தார். விதைகள் உள்ளே விழுந்தன. ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தார்.

வெண்ணெய் உருகியது. துண்டுகளைப் போட்டு, சர்க்கரையும் பட்டையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, மூடினார்.

“தண்ணி எவ்வளவு?”

“தண்ணியே வேணாம். பழமே விடும்.”

காத்திருந்தார். மூடியைத் திறந்தார். சொட்டுகூட விடவில்லை. துண்டுகள் விறைப்பாக நின்று அவரை வேடிக்கை பார்த்தன. மறுபடி மூடினார். அடியில் சுருசுரு என்று ஒரு சத்தம் வந்தது. மோட்டாரில் அப்படிச் சத்தம் வந்தால் சுருள் கருகுகிறது என்று பொருள். பழத்தில் என்ன பொருள்?

“விடலையே! அடி பிடிக்குது!”

“விடுமே… அஞ்சு பத்து நிமிஷத்துல கூழா வந்துடுமே?” மனைவியின் குரலிலும் குழப்பம் இருந்தது. “அடிபட்ட இடத்தையெல்லாம் சீவி எறிஞ்சீங்களா?”

“அடிபட்ட இடம் ஏது? ஒரு பொட்டு இல்லாத பழமாப் பொறுக்கிட்டு வந்திருக்கேன்.”

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“நல்ல பழத்தையா?” என்றார் மனைவி. “நல்ல பழத்தை எதுக்குங்க வேகவைக்கணும்?”

பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை. கையில் கிடைத்த சொம்புத் தண்ணீரை ஊற்றினார். அது அதிகம். தீயைக் கூட்டினார். அதுவும் அதிகம். தண்ணீர் வற்றியபோது பாதித் துண்டுகள் கருக்கலோடும் பாதி கடுக்முடுக்கென்றும் கிடந்தன. ஆனால் வெண்ணெயும் சர்க்கரையும் பட்டையும் உருகிய அந்த மணம் மட்டும் எப்படியோ வந்துவிட்டது. வந்தபோது தெரிந்தது. மனைவி சொன்னது சரிதான்.

மத்தியானம் மகள் வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள். “யாரு செஞ்சது? அம்மா, உடைஞ்ச கையோடயா?”

“நான்தான்” என்றார் லிஃப்ட்காரர், பதக்கம் வாங்கியவர் போல. அந்தச் சின்னக் கிண்ணங்கள் இரண்டையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆளுக்கொன்று கொடுத்தார்.

மகள் ஒரு வாய் மென்றாள். கடுக்கென்று சத்தம் கேட்டது. “என்னப்பா இது? நல்ல பழமா?”

“ஏன் ரெண்டு பேரும் இதையே கேக்குறீங்க? நல்ல பழம்தான்! முதல் தரம்!”

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு எங்கோ நின்றது.

“அப்பா, வீட்டுக்குப் பழம் வந்தா அம்மா முதல்ல என்ன பண்ணுவாங்க தெரியுமா? பிரிப்பாங்க. நல்லது உங்க தட்டுக்கு, அண்ணன் தட்டுக்கு. அடிபட்டது எனக்கும் அம்மாவுக்கும். அதை அப்படியே திங்க முடியாதே. கெட்டதைச் சீவிட்டுச் சர்க்கரை போட்டு வேகவைப்பாங்க. இதுதான் அது.”

லிஃப்ட்காரர் கரண்டியோடு நின்றார். “நீங்க ரெண்டு பேரும் எனக்குத் தெரியாம இனிப்பு செஞ்சு சாப்பிடுறீங்கன்னு… நான் பொறாமைப்பட்டிருக்கேன்டி.”

“பொறாமையா?” மனைவியும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அழுகல் பழத்துக்கா?” என்றாள் மகள்.

“எனக்கு எப்படித் தெரியும்? நான் குடுக்காதேன்னு சொன்னேனா? நல்லதை எனக்கே வைன்னு ஒரு நாள் சொல்லியிருக்கேனா?”

சொன்னதில்லை. அதுதான் சங்கதி. அடுத்தவனுடையதைப் பறிப்பவனைக்கூடக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். யாரும் உத்தரவு போடாமல், யாரும் எதிர்க்காமல், நல்லது ஒரு பக்கமும் அடிபட்டது மறுபக்கமும் தானாகவே போய்ச் சேர்கிற வீட்டில் யாரைப் பிடிப்பது? இப்படிப்பட்ட வீடுகள்தாம் உலகத்தில் அதிகம். அவற்றில் சத்தமே வராது. நல்ல லிஃப்ட் போல ஏறும், இறங்கும்.

“நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?” என்று மனைவியின் பக்கம் திரும்பினார்.

“என்னன்னு சொல்ல? நானே யோசிச்சதில்லைங்க” என்றார் மனைவி. கட்டுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தபடியே பேசினார். “கூடையில கையை வச்சா கை தானாப் பிரிச்சிடும். எங்க அம்மா கையும் அப்படித்தான் பிரிச்சது.”

“உனக்கு அது பிடிக்காதா அப்ப?” என்று மகளிடம் கேட்டார். அவர் குரல் இறங்கியிருந்தது.

“பிடிக்கும்” என்றாள் மகள். “ரொம்பப் பிடிக்கும். இப்பவும் நல்ல பழம் வாங்கி, மூணு நாலு நாள் வெளிய போட்டுக் கெடவிட்டுதான் செய்றேன். அதுதான்ப்பா எனக்குக் கோவம்.”

இது அவருக்குச் சுத்தமாகப் புரியவில்லை. பிடித்தால் எதற்குக் கோபம்? கோபம் என்றால் எதற்குச் செய்கிறாள்? மகளுக்கும் அது முழுக்கப் புரிந்த மாதிரி தெரியவில்லை. கிண்ணத்தை வழித்து முடித்துவிட்டுத்தான் கீழே வைத்தாள்.

“சரி, கிளம்பலாம்மா. துணியெல்லாம் எடுத்து வைக்கவா?”

“அவ எங்கயும் வரல” என்றார் லிஃப்ட்காரர். “நான் சமைக்கக் கத்துக்கிட்டேன். பாத்தீல்ல?”

“பாத்தேன். பல்லுதான் வலிக்குது.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க” என்றார் மனைவி. அவர் குரலை உயர்த்துகிற வழக்கமில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. “வண்டி எடுத்துட்டு வந்தே. அடுப்பைப் பத்த வச்சீங்க. போறியா, இருக்கியான்னு என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

சற்றுமுன் அவ்வளவு நியாயம் பேசிய மகள் வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டாள்.

லிஃப்ட்காரர்தான் கேட்டார். “போறியாம்மா?”

மனைவி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அவர் இப்படி யோசித்து லிஃப்ட்காரர் பார்த்ததில்லை.

“போறேன்” என்றார். “நீங்க பாத்துக்க மாட்டீங்கன்னு இல்ல. கொஞ்ச நாள் எதையும் பிரிக்காம இருக்கலாம்னு தோணுது.”

“எப்ப வருவே?”

“தெரியல. தெரிஞ்சா சொல்றேன். நீங்க ஞாயித்துக்கிழமை வாங்க. வர்றப்ப இதைச் செஞ்சு எடுத்துட்டு வாங்க, கருக விடாம.”

மகள் துணிகளை எடுக்க உள்ளே போனாள். கிளம்பும்போது மனைவியின் கண் சமையல் மேடைமேல் நின்றது. லிஃப்ட்காரரும் அங்கே பார்த்தார். விரித்த துணியின் ஓரத்தில் ஒரு ஆப்பிள் தனியாக இருந்தது. இருந்ததிலேயே பெரியது, சிவந்தது. நறுக்கும்போது அதை எப்போது ஒதுக்கினார், யாருக்காக ஒதுக்கினார், அவருக்கே நினைவில்லை.

“இது யாருக்கு?” என்றார் மனைவி.

“சத்தியமாத் தெரியல” என்றார் அவர்.

மனைவி இடது கையால் அதை எடுத்தார். நறுக்கச் சொல்லவில்லை, தட்டும் கேட்கவில்லை. அப்படியே கடித்தார். வண்டி தெருமுனை திரும்பும்போதும் சன்னலுக்குள் அந்தச் சிவப்பு தெரிந்தது.

மீதியை அவர் வாணலியிலிருந்தே தின்றார். முதல்முறையாக. கருக்கலைத் தாண்டி ஏதோ இருந்தது. இத்தனை காலம் பொறாமைப்பட்டது இதற்குத்தானா என்று அவரால் முடிவு கட்ட முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பழக்கடையில் நின்றார்.

“இன்னிக்கு எதுண்ணே? மேல் கூடையா, கீழ்க் கூடையா?”

கீழே உள்ளது நன்றாக வேகும். ஆனால் அடிபட்டதையே மறுபடியும் மனைவிக்கு எப்படிக் கொண்டுபோவது? மேலே உள்ளது நல்லது. ஆனால் வேகாது, மகளுக்கும் பிடிக்காது. மகளைப் போல வாங்கிக் கெடவிட நாளும் இல்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை தன்பாட்டுக்கு மேல் கூடையின் பெரிய பழத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தி, யாருடைய கையோ என்பதுபோல் அதைப் பார்த்தார்.

“சீக்கிரம் எடுங்க சார், பின்னால ஆள் நிக்கிறோம்” என்றது ஒரு குரல்.

லிஃப்ட்காரர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கடைப்பலகையின் ஓரத்தில் நான்கு மூலையும் இழுத்து விரித்தார். மேல் கூடையிலிருந்து ஒன்று, கீழ்க் கூடையிலிருந்து ஒன்று என்று எடுத்து, அதன்மேல் ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தார்.