ஒன்பதாவது சந்திப்பிலிருந்து

எவுலாலியா வெந்தூராவின் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மனித எலும்புக்கூட்டின் படம் ஒன்று பன்னிரண்டு வருடங்களாக ஒட்டியிருந்தது. மடேரா ஊரில் யாரோ வீடு காலி செய்யும்போது வாசலில் பரப்பி விற்ற பழைய சாமான்களுக்கு நடுவில் கிடைத்தது. இடது தோள்பட்டையில் பீன்ஸ் தெறித்த கறை. அடுப்பில் பானை கொதிக்கும் நேரத்தில் ஒவ்வொரு எலும்பாக விரல் வைத்து, முதலில் ஸ்பானியப் பெயரையும் பிறகு தன் ஊர் மிஸ்டெக் மொழியில் அதை எப்படிச் சொல்வது என்பதையும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். சில எலும்புகளுக்கு மிஸ்டெக்கில் பெயரே இல்லை. அவற்றைச் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சுற்ற வேண்டும் என்பதை நோட்டில் எழுதி வைத்தாள்.

மெக்சிகோவின் ஒஹாகா மலையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. இருபது வருடம் திராட்சைத் தோட்டங்களில் கொடி கட்டினாள், பழம் பறித்தாள். ஸ்பானிய மொழியைத் தோட்டத்திலும், எழுத்தைப் பெரியவர்களுக்கான மாலைப் பள்ளியிலும் கற்றாள். கூட வேலை செய்த ஊர்க்காரர்களுக்கு அடிபட்டபோது மருத்துவமனைக்குத் துணையாகப் போகப் போக, அதுவே தொழிலாகிவிட்டது. மிஸ்டெக் மொழிபெயர்ப்புக்குத் தேர்வும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. கேட்டுக் கேட்டுக் கற்றதுதான்.

நோயாளி “எனக்கு வலிக்கிறது” என்றால் மொழிபெயர்ப்பவரும் “எனக்கு வலிக்கிறது” என்றே சொல்ல வேண்டும். “இவருக்கு வலிக்கிறதாம்” என்று சொல்லக் கூடாது. இதை யாரோ சொல்லிக் கேட்ட நாளிலிருந்து அவள் மாற்றியதில்லை. ஒருமுறை புதிதாக வந்த நர்ஸ், தலை சுற்றுகிறது என்று சொன்ன எவுலாலியாவின் கையைப் பிடித்து இரத்த அழுத்தம் பார்த்துவிட்டாள். பார்த்து முடிக்கும் வரை எவுலாலியா பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் சொன்ன எண்களையும் மிஸ்டெக்கில் நோயாளிக்கு எடுத்துச் சொன்னாள்.

வேலையில் அடிபட்டவர்களின் வழக்குகள் ஃப்ரெஸ்னோவில் தொழிலாளர் இழப்பீட்டு வாரியத்துக்குப் போகும். அங்கே மருத்துவரும் மொழிபெயர்ப்பவரும் முதலில் வேலையைச் செய்துவிட வேண்டும். காப்பீட்டு நிறுவனம் கூலி தர மறுத்தால், வழக்கின் மேலேயே ஒரு பிடி போட்டு வைக்கலாம். அதற்குப் பற்றுரிமை என்று பெயர். தொழிலாளியின் வழக்கு முடிந்து அவர் தன் பணத்தை வாங்கிப் போன பிறகுதான் பற்றுரிமைக்காரர்களின் முறை வரும். அதற்குள் மூன்று வருடம், நான்கு வருடம் ஓடிவிடும். அதன் பிறகும் பெரும்பாலானவை நீதிபதியிடம் போவதில்லை. அறைக்கு வெளியே நடைபாதையில் நின்றபடியே இரண்டு தரப்பும் பேரம் பேசி, பத்தில் மூன்று பங்குக்கோ இரண்டு பங்குக்கோ கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

எவுலாலியாவுக்காக அந்த நடைபாதையில் நின்றவர் வாஹான் கஸ்பாரியன். ஆர்மீனியக் குடும்பத்துக்காரர். உலர்திராட்சை கட்டும் ஆலையில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தபோது ஸ்பானிய மொழி பழகியவர். வழக்கறிஞர் அல்ல, வாரியத்தில் பற்றுரிமைக்காரர்களுக்காகப் பேச வழக்கறிஞர் பட்டம் தேவையில்லை.

ஒரு நாள் அங்கே எடுத்துக்கொண்ட வழக்கு ஃபிதென்சியோ என்ற தொழிலாளியுடையது. பீச் மரத்து ஏணியிலிருந்து விழுந்து தோள் நழுவியவன். செல்மா ஊர் மருத்துவமனையில் அவனுக்காக எவுலாலியா பதின்மூன்று முறை மொழிபெயர்த்திருந்தாள். காப்பீட்டு நிறுவனம் ஒரு முறைக்குக்கூடக் கூலி தரவில்லை. மருத்துவர் ஸ்பானிய மொழி பேசுகிறார், நோயாளி மெக்சிகோக்காரன், நடுவில் இன்னொருத்தி எதற்கு என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் அதையே எழுத ஆரம்பித்தன. மருத்துவமனைகள் எவுலாலியாவைக் கூப்பிடுவது குறைந்து, அந்தக் குளிர்காலத்தில் அடியோடு நின்றுபோயிருந்தது. ஜனவரியில் அவள் மறுபடி கொடி கட்டப் போனாள். ஐம்பத்தொரு வயதில் முழங்கால் மடங்கவில்லை.

நிறுவனத்தின் வழக்கறிஞர் கோல்வின் என்ற பெண்மணி. கோப்பு அவர் கைக்கு வந்து இரண்டே நாள். வாஹான் அவரோடு பேசிவிட்டு எவுலாலியா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வந்தார். ஸ்பானிய வழக்கப்படி அவர் அவளை மரியாதையாகத் தோன்யா என்பார், அவள் அவரைத் தோன் என்பாள்.

“தோன்யா, அந்தம்மா பத்துக்கு மூணு தர்றேங்குறாங்க. வாங்கிக்கிட்டுப் போயி மத்தியானச் சாப்பாட்டைச் சூடாச் சாப்பிடலாம்.”

“பேப்பர்ல என்னன்னு எழுதுவாங்க, தோன் வாஹான்?”

“சமரசம்னு எழுதுவாங்க. வேற என்ன எழுதணும்?”

“மிஸ்டெக் தேவைப்பட்டுச்சுன்னு எழுதுவாங்களா?”

“அதெல்லாம் நீதிபதி எழுதுறது.”

“அப்ப நீதிபதிகிட்டயே போவோம்.”

வாஹான் பெருமூச்சு விட்டார். அவர் கைப்பையில் ஒரு படிவத்தின் நகல் இருந்தது. எவுலாலியா வருவதற்கு முன்னால், முதல் நாள் மருத்துவமனையில் குமாஸ்தா ஸ்பானிய மொழியில் கேட்டு நிரப்பிய நோய் வரலாறு. முப்பத்திரண்டு கேள்விகள், இரண்டு பக்கம். அதில் என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். அதை நீதிபதியிடம் காட்டலாம் என்று வாஹான் இரண்டு முறை சொல்லியிருந்தார். எவுலாலியா ஒப்புக்கொள்ளவில்லை. நாலு பேர் நடுவில் வைத்து அந்தப் பையனைப் பார்த்துச் சிரிப்பார்கள், வேண்டாம் என்றாள்.

பையன் என்று அவள் சொன்ன ஃபிதென்சியோவுக்கு முப்பத்தொரு வயது. கோல்வின்தான் அவனைச் சாட்சிக்கு வரவழைத்திருந்தார். நடைபாதையில் நின்றவனை எவுலாலியா மேலும் கீழும் பார்த்தாள். புது பூட்ஸ். பழம் கட்டும் கொட்டகையின் பெயர் போட்ட தொப்பி. தோள் சரியாகி இப்போது அங்கே சரக்கு வண்டி ஓட்டுகிறான். நான்கு பேர் அவன் சொல் கேட்டு வேலை செய்கிறார்கள். கைப்பேசியில் யாரிடமோ ஸ்பானிய மொழியில் அதட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி மிஸ்டெக்கில், “நல்லா இருக்கீங்களா அத்தை?” என்றான். பிறகு வெட்கத்தோடு தொப்பியைச் சுருட்டிக்கொண்டான். வழக்கு விசாரணைக்கு வராமல் கிடந்த மூன்று வருடத்தில் அவன் ஸ்பானிய மொழியைச் சரளமாகப் பேசக் கற்றுவிட்டான். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

நீதிபதி ஓமுரா நிதானமானவர். குரலை உயர்த்தாமல் கேட்பவர். வாரியத்தின் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

கோல்வின் எளிதான கேள்விகளைக் கேட்டார். ஃபிதென்சியோ நிமிர்ந்து உட்கார்ந்து, திருத்தமான ஸ்பானிய மொழியில் பதில் சொன்னான். வேலை, சம்பளம், கீழே வேலை செய்யும் ஆட்கள் எல்லாவற்றையும் சொன்னான். அடிபட்ட நாளிலும் ஸ்பானிய மொழி தெரியுமா என்று கேட்டபோது ஒரு நொடி தயங்கி, தெரியும் என்றான். தெரியாது என்று சொல்வது இந்த நாட்டில் அவனுடைய ஆட்களுக்கு எவ்வளவு அவமானம் என்று அறையில் அவனைத் தவிர எவுலாலியா ஒருத்திக்குத்தான் தெரியும். மிஸ்டெக்காரன் என்றால் மலையிலிருந்து இறங்கி வந்தவன் என்று மற்ற மெக்சிகோக்காரர்களே கேலி பேசுவார்கள். அதனால் யார் கேட்டாலும் தெரியும் என்பார்கள். அவளும் பத்து வருடம் அப்படித்தான் சொன்னாள்.

கோல்வின் கோப்பைப் புரட்டி ஒரு தாளை உயர்த்தினார். அது அந்தப் படிவம். எவுலாலியா தரையைப் பார்த்தாள். வாஹான் கைக்குட்டையை வாயில் வைத்து இருமினார்.

மொழிபெயர்ப்பவர் யாரும் இல்லாத முதல் நாளில், ஸ்பானிய மொழியில் கேட்ட முப்பத்திரண்டு கேள்விக்கும் இந்தச் சாட்சி பதில் சொல்லியிருக்கிறார், கீழே அவர் கையெழுத்தும் இருக்கிறது என்றார் கோல்வின். பதில் சொன்னது உண்மையா என்று கேட்டார். உண்மைதான், ஒன்றையும் விடவில்லை என்றான் ஃபிதென்சியோ.

நீதிபதி கைநீட்டி வாங்கினார். முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு ஃபிதென்சியோவைப் பார்த்தார்.

“இதய அறுவை சிகிச்சை நடந்ததுண்டான்னு ஒரு கேள்வி. ஆமாம்னு இருக்கு. நடந்திருக்கா?”

“இல்லைங்க ஐயா.”

“இருபத்தேழாவது கேள்வி. கர்ப்பமா இருக்கீங்களான்னு. அதுக்கும் ஆமாம்னு இருக்கு.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, காத்திருந்தார். கோல்வின் தன் நகலில் இரண்டாம் பக்கத்தைத் தேடினார்.

ஃபிதென்சியோ எவுலாலியாவைத் திரும்பிப் பார்த்தான். அவளால் எதுவும் சொல்ல முடியாது. இங்கே அவள் மொழிபெயர்ப்பவள் அல்ல, கட்சிக்காரி. அவன் தொப்பியை மேசையில் வைத்தான்.

“ஐயா, எங்க பக்கத்துல மரியாதையானவங்க உக்காரவச்சு ஒண்ணு கேட்டா ஆமாம்னுதான் சொல்லுவோம். இல்லைன்னா அவங்க மொகம் வாடிடும். படிவம் நிரப்புன அந்தம்மா வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாங்க. மொத ரெண்டு கேள்வி புரிஞ்சுது. அப்புறம் புரியல. மரியாதைக்கு எல்லாத்துக்கும் ஆமாம்னேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “இப்ப கேட்டீங்கன்னா சரியாச் சொல்லுவேன். இப்ப நான் கர்ப்பமா இல்லைங்க.”

இந்த முறை நீதிபதியின் உதடும் அசைந்தது.

அதோடு போதும் என்றுதான் வாஹான் நினைத்தார். ஆனால் எவுலாலியாவையும் விசாரிக்க வேண்டியிருந்தது. அவள் சாட்சிக் கூண்டில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு சந்திப்புக்கும் தேதி, நேரம், என்ன பேசப்பட்டது, எந்தச் சொல்லை எப்படிச் சுற்றிச் சொன்னாள் எல்லாம் அதில் இருந்தன. கோல்வின் தளரவில்லை. சரி, முதல் நாள் தெரியாது, ஆனால் பதின்மூன்றாம் நாளும் தெரியாமலா இருந்தது என்று கேட்டார்.

வாஹான் கண்ணாலேயே கெஞ்சினார். நினைவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் மறுத்திருக்க முடியாது.

எவுலாலியா நோட்டைப் பிரித்தாள்.

“ஒன்பதாவது தடவையிலேருந்து அவரே பேசுனாரு. பயிற்சி குடுக்குறவங்ககிட்ட, கைய எவ்ளோ தூரம் தூக்கணும்னு அவரே கேட்டாரு. எட்டாவது தடவை பாதிப் பாதி. ஒன்பதுலேருந்து நான் நாற்காலியில உக்காந்திருந்தேன்.”

“அப்ப அஞ்சு தடவை உக்காந்திருந்ததுக்கும் கூலி கேக்குறீங்க,” என்றார் கோல்வின்.

“மருத்துவமனை கூப்பிட்டாங்க, போனேன். வேணாம்னு நான் சொல்லியிருக்கணும். அப்ப எனக்குத் தோணல.”

வாஹான் கைப்பையை மூடிக்கொண்டு வெளியே வந்தார். பிறகு, இருபது வருடத்தில் எதிர்த் தரப்பு வழக்கறிஞரின் வேலையைத் தானே செய்து கொடுத்த ஆளை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். எவுலாலியா டப்பாவைத் திறந்து அவருக்கு ஒரு பீன்ஸ் டாக்கோ கொடுத்தாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார். ஃபிதென்சியோ அதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டான். போகும்போது அவளிடம், கர்ப்பம் விஷயத்தை ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். அவள் சொல்லவில்லை. வாஹான்தான் சொன்னார்.

தீர்ப்பு மூன்று வாரம் கழித்துத் தபாலில் வந்தது. வாஹான் அதைத் தொலைபேசியில் ஸ்பானிய மொழியில் படித்துக் காட்டினார். முதல் எட்டுச் சந்திப்புகளுக்கு மிஸ்டெக் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது, அது முறையாகச் செய்யப்பட்டது என்று எழுதியிருந்தது. மற்ற ஐந்தும் தள்ளுபடி. தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தே சொன்னதால், இந்தச் சாட்சி சொன்ன மற்றவற்றையும் நம்புவதாக நீதிபதி ஒரு வரி சேர்த்திருந்தார்.

“அந்த வரிய இன்னொரு தடவை படிங்க.”

“எது, நம்புறேங்குறதா?”

“இல்ல. தேவைப்பட்டுச்சுங்குறது.”

அவர் மறுபடி படித்தார்.

அந்தப் பக்கத்தை அவள் பத்து நகல் எடுத்து, தெரிந்த மருத்துவமனைகளுக்கெல்லாம் அனுப்பினாள். நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் புதிதாக ஒரு கோடு கிழித்தாள். யார் பேசியது என்று எழுத அந்த இடம்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் கொடி வரிசைக்கு நடுவில் நின்றபோது செல்மாவிலிருந்து அழைப்பு வந்தது. பழம் பிரிக்கும் இயந்திரத்தின் ஓடும் பட்டையில் விரல் மாட்டிய ஒரு பெண். ஸ்பானிய மொழி தெரியும் என்கிறாளாம், அதனால் எவுலாலியா வர வேண்டியிருக்குமோ இருக்காதோ, எதற்கும் கேட்டுவைக்கலாம் என்று குமாஸ்தா இழுத்தாள்.

“படிவம் நிரப்பியாச்சா?” என்றாள் எவுலாலியா.

“ஆச்சு.”

“எதுக்காவது இல்லைன்னு சொல்லியிருக்காங்களா?”

தாள் புரளும் சத்தம் கேட்டது. முதல் பக்கம், பிறகு இரண்டாம் பக்கம்.

“இல்ல,” என்றாள் குமாஸ்தா.

எவுலாலியா கையுறையைக் கழற்றினாள். நாற்பது நிமிடத்தில் வந்துவிடுவதாகச் சொன்னாள்.