பழுது: றோஸ்

அம்புறோஸின் வீட்டில் வானத்தின் படங்கள் பதினொரு பெட்டி இருந்தன. பெண்சாதியின் படம் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டபோது ஒன்றுகூட இருக்கவில்லை.

2007 பங்குனியில் பெண்சாதி றோஸ்மேரி குசினியில் விழுந்தாள். அம்புலன்ஸ் அவர்கள் இருந்த இல்-பிசார் தீவின் பாலத்தைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும். அட்டை என்றால் முகப்பில் ஆளின் படம் இருந்தேயாக வேண்டும். அச்சகம் வைத்திருந்த இரவிச்சந்திரன் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார்.

"அண்ணை, முகம் வடிவாத் தெரியிற படம் ஒண்டு தாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"ஓம், பாத்துத் தாறன்" என்றார் அம்புறோஸ். போனை வைத்தபிறகு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

செத்தவீட்டிலும் அவர் அப்படித்தான் நின்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஆட்கள் கையைப் பிடித்து அழ, விறைத்துப்போன காலைத் தடவிப் பார்க்கிறவர் மாதிரி அவர் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். ஒன்றும் தெரியவில்லை. அடுத்த கிழமையே டவுன்டவுன் ஹோட்டல் குசினிக்கு வேலைக்குப் போய் வெங்காயம் வெட்டினார். அதற்கும் கண் கலங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னல் படம் எடுக்கிற பைத்தியம் அவரைச் சவூதியில் பிடித்தது. பாலைவனத்து வேலைமுகாமின் கூரையில் ஏறி நின்றால், வருசத்தில் நாலைந்து தரம் அடிவானம் முழுக்க இடிமழை நடந்து போகும். முதல் சம்பளத்தில் கமரா வாங்கினார். 1990இல், மன்னாரில் ஷெல்லடிக்கு நடுவே மூன்று வயது மகள் ஜெனாட்டை மடியில் வைத்துக்கொண்டு றோஸ்மேரி பங்கருக்குள் இருந்த மாதங்களில், இந்த மனுசன் கடிதத்தோடு என்ன அனுப்பினார் தெரியுமா? மணல்மேட்டில் மின்னல் இறங்குகிற படம்! அவளும் பதில் போட்டாள்: "படம் கிடைத்தது. வடிவாய் இருக்கிறது. நாங்கள் சுகம்."

பிறகு அவர் கனடா வந்து, பெண்சாதியையும் மகளையும் கூப்பிட்டு, 2001இல் இல்-பிசாரில் இந்த வீட்டை வாங்கினார். வாங்கியதே மேற்குப் பக்கத்துப் பெரிய கண்ணாடி ஜன்னலுக்காகத்தான். கோடையில் இடி முழங்கத் தொடங்கினால் வீட்டு லைற் எல்லாவற்றையும் அணைப்பார். கமராவை ஜன்னலோடு நிறுத்தி, அதன் கண்ணைத் திறந்து விட்டுவிட்டு, மின்னல் தானாக வந்து விழும்வரை காத்திருப்பார். மழை இல்லாத நாளில் நட்சத்திரங்களை எடுப்பார். "மனிசரை ஆரும் எடுப்பினம்" என்பது அவர் பெருமையாகச் சொல்கிற கதை.

றோஸ்மேரிக்கு இடி என்றால் உயிர் போகும். மாசி மாதம் கோயிலில் மந்திரித்துத் தருகிற மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு, "மடு மாதாவே" என்றபடி புருசனுக்குப் பின்னால் வந்து நிற்பாள். அவ்வளவுதான், திரியின் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து படம் நாசம்.

"இஞ்சேரும், அதை ஊதி நூரும்!"

"எனக்கு இருட்டிலை இருக்கேலாதப்பா."

"அப்ப திரியோடை பாத்றூமுக்கை போய் இரும். அங்கை ஜன்னல் இல்லை, வெளிச்சம் வெளியாலை வராது."

அவள் போனாள். அன்றிலிருந்து ஆறு கோடையும் இடி இடித்தால் போனாள். நல்ல ஒழுங்கு செய்துவிட்டோம் என்று அவருக்குத் திருப்தி.

அட்டைக்காகத் தேடும்போது பிஸ்கட் ரின் ஒன்று கிடைத்தது. கெட்டுப்போன படங்களைப் போட்டு வைக்கிற ரின். அதில், ஜன்னல் கண்ணாடிக்குள் ஒரு சுடர். சுடரைக் காற்றுப்படாமல் மறைக்கிற ஒரு கை. மேலே நாடியும் வாயும் மட்டும். படத்தின் பின்னால் அவருடைய கையெழுத்து. எந்தப் படத்துக்கும் திகதி, நேரம், குறை என்று எழுதி வைப்பது அவர் பழக்கம்: "12.8.2001. முப்பது செக்கன். பழுது: றோஸ்."

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு படத்தை இரவிச்சந்திரனிடம் கொண்டுபோனார்.

"இதிலை முகமே இல்லையே அண்ணை."

கடைசியில் ஜெனாட்தான் தாயின் மருத்துவ அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மருந்துக்கடையில் எடுத்த படம். பிளாஷ் அடித்த அந்தக் கணத்தில் திடுக்கிட்டு விரிந்த கண்கள். அந்தப் பயந்த முகத்தைப் பெருப்பித்து இருநூற்றைம்பது அட்டை அடித்தார்கள். பூசை முடிந்து சனம் ஆளுக்கொன்று கொண்டுபோனது. அப்போதும் அம்புறோஸுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆனி மாதம் முதல் இடிமழை வந்தது. கை தன்பாட்டில் லைற்றுகளை அணைத்தது, கமராவை ஜன்னலடியில் நிறுத்தியது, கண்ணைத் திறந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, அவர் எழும்பி பாத்றூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

மூலையில் குட்டி ஸ்டூல். சவர்க்காரத் தட்டில் நெருப்புப்பெட்டி. பக்கத்தில் பாதி எரிந்த மெழுகுதிரி. நிலத்தில் மெழுகு சிந்திச் சுரண்டிய அடையாளங்கள். அவர் திரியைக் கொளுத்திக்கொண்டு ஸ்டூலில் இருந்தார்.

இடி விழுந்தது. ஐயோ, அவர் துள்ளிப்போனார்! இருபது வருசமாக இடியோடு பழகின மனுசன். ஆனால் அவருக்கு எப்போதும் மின்னல் முன்னே வந்து சொல்லிவிடும், சத்தம் பிறகுதான் வரும். இந்த நாலு சுவருக்குள் மின்னல் இல்லை. எப்போது வரும் என்று தெரியாது. சும்மா இருக்க இருக்கத் தலையில் வந்து விழும். இரண்டாவது விழுந்தபோது திரி சரிந்து, கொதி மெழுகு விரலில் ஊற்றியது. எரிந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்தரம் அவருக்கு ஏதோ ஒன்று நொந்தது.

பங்கருக்குள்ளும் இப்படித்தான் இருந்திருப்பாள். அங்கே ஷெல்லுக்காக இருந்தாள். இங்கே, தன் சொந்த வீட்டில், ஒரு படத்துக்காக இருந்தாள். இருத்தியவர் அவர்.

வெளியே ஜெனாட் கதவைத் தட்டினாள்.

"அப்பா, உள்ளையோ நிக்கிறியள்? கமரா திறந்து கிடக்கு. நல்ல மின்னல் அடிக்குது. நான் என்ன செய்ய?"

அவர் திரியைச் சவர்க்காரத் தட்டில் நிறுத்தி வைத்தார்.

"லைற்றைப் போடு பிள்ளை."

"படம் பழுதாப் போடுமே அப்பா."

"போகட்டும். எல்லா லைற்றையும் போடு. அம்மாக்கு இருட்டிலை இருக்கேலாது."