சிமூங்கா திறந்த கிடங்கு

எங்கள் ஊர் அரசாங்கக் கிடங்குக்குச் சிமூங்காதான் காவலர். மனைவி இறந்தபின் கிடங்கை ஒட்டிய அறையிலேயே தனியாகப் பொங்கித் தின்றார். இரண்டாயிரத்து இரண்டில் மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து நிவாரணச் சோளம் லாரி லாரியாக வந்து இறங்கியது. நாலாம் நாளே தலைநகர் லுசாக்காவிலிருந்து உத்தரவு: மரபணு மாற்றிய சோளம், ஒரு மணிகூட வெளியே போகக் கூடாது.

மறுநாள் அவர் கொழுந்தியாள் சிபேகோ டின்னோடு வந்து நின்றாள்.

"ஒரு டின் போதும் மச்சான். பிள்ளைங்க காட்டுக் கிழங்கத் தின்னு வயித்தால போகுதுங்க."

"அது விஷம்னு ரேடியோவுல சொல்றாங்களேம்மா."

"உங்க கிடங்கு எலிங்க ரேடியோ கேக்கல போலிருக்கு. நல்லாக் கொழுத்துத் திரியுது."

அவர் பூட்டைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஊர் அவரோடு பேசவில்லை. மூட்டையைப் பிரித்து ரகசியமாகத் தின்கிறார் என்றார்கள். அவரும் அதே கிழங்கைத்தான் வேகவைத்துக்கொண்டிருந்தார்.

மூட்டைகளை எண்ண வந்த மாவட்ட அதிகாரியிடம் கேட்டார்: "ஐயா, இது நெசமாவே விஷமா?"

"அமெரிக்காக்காரன் தினம் திங்கிறான்யா. இந்த விதை நம்ம மண்ணுல விழுந்து முளைச்சா, எல்லாம் கலந்துபோச்சுன்னு பெரிய பண்ணைங்க அனுப்புற காய்கறிய ஐரோப்பாக்காரன் வாங்க மாட்டான்னு பயம். கொடுக்கறவனுக்கும் தர்ம மனசு மட்டுமில்ல. மிஞ்சினத இங்க தள்ளினா நாளைக்கு விதை விக்கலாம்."

"அப்போ மாவா அரைச்சுக் குடுங்களேன். மாவு முளைக்காதே."

"உனக்குத் தெரியுது. கையெழுத்துப் போடுறவங்களுக்குத் தெரியணுமே" என்று அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

அடுத்த வாரம் நடுப்பகலில் ஊர் கடப்பாரையோடு வந்தது. முன்னால் சிபேகோ. சிமூங்கா எழுந்து பூட்டைத் திறந்துவிட்டு, போய் மரத்தடியில் உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் கிடங்கு காலி. அவருக்கென்று ஒரு பிடி எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

போலீஸ் விசாரித்தபோது, எல்லாரும் அவரைத்தான் கைகாட்டினார்கள். "ஆமா, நான்தான் தெறந்தேன்" என்றார். வேலையும் போனது, அறையும் போனது.

இரண்டு வருஷம் கழித்து, ஐரோப்பாவுக்குப் பீன்ஸ் அனுப்பும் ஒரு பண்ணையின் கொட்டகையில் அவரைப் பார்த்தேன். கோணல் பீன்ஸைப் பொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஊருக்கு வாங்கண்ணே. இப்ப மழை நல்லாப் பெய்யுது."

"வந்து யார் வீட்டுல உக்காரச் சொல்ற?" என்றார்.

என் வீட்டில் என்று சொல்லியிருக்கலாம். அன்று போலீஸிடம் கைகாட்டியவர்களில் நானும் ஒருவன்.